இல்லாத வேலையை உண்டாக்கிய வாத்தியார்

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை

நம் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். அப்துல் கலாமை ஏற்கனவே இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவை சிவில் துறைக்காரர்கள் யாருக்கும் விட்டுத் தர மாட்டார்கள். மீதி யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது, பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் ஞாபகம் வந்தது. ஆறே மாதத்தில் டேட்டா சயின்ஸ் படிக்கலாம், வேலை நிச்சயம் என்று போட்டிருந்தது. நம் ஹாஸ்டலிலும் பாதிப்பேர் வாயில் இப்போது அந்தப் பேச்சுதான். அந்த டேட்டா சயின்ஸுக்கு அஸ்திவாரம் புள்ளியியல். நம் நாட்டில் புள்ளியியலைச் சொல்லிக்கொடுக்கவும் ஆராய்ச்சி செய்யவும் ஒரு வேலை, ஒரு நாற்காலி என்பதே இல்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நாற்காலியைச் செய்துபோட்டவர் ஒரு பௌதிக வாத்தியார். பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

எங்க வீட்டில் நான்தான் முதலில் பத்தாவது தாண்டியவன். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். எந்தப் படிப்பின் பெயரைச் சொன்னாலும் அப்பா முதலில் கேட்பது, அதுக்கு என்ன வேலை இருக்கு என்பதுதான். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டேதான் இந்த வாழ்க்கையைப் படித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகலனோபிஸ் நம்மில் பலரைப் போல முதல் தலைமுறை இல்லை. கஷ்டப்பட்டவரும் இல்லை. அவருடைய தாத்தா குருசரண் விக்ரம்பூர் பக்கத்துக் கிராமத்தை விட்டு 1854-ல் கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்தவர். பிறகு மருந்துக் கடை வைத்து முன்னுக்கு வந்தார். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, அந்தக் காலத்திலேயே ஒரு விதவையைத் திருமணம் செய்துகொண்ட தைரியசாலி. பிழைக்க வந்த தாத்தாவின் பேரன் 1893 ஜூன் 29-ம் தேதி பிறந்தபோது குடும்பம் நல்ல நிலையில் இருந்தது. அப்பாவின் சகோதரர் கல்லூரிப் பேராசிரியர். தாய்மாமன் நீலரதன் சர்க்கார் கல்கத்தாவின் பேர்பெற்ற டாக்டர். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் படித்தவர்கள். நமக்கு ஒரு விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்யவே பக்கத்துத் தெருவில் ஆள் தேட வேண்டியிருக்கிறது! அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் அந்த வசதியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்து 1912-ல் பட்டம் வாங்கினார். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் பாடம் நடத்திய கல்லூரி அது. அடுத்த வருடம் லண்டனில் படிக்கக் கப்பல் ஏறினார். போன இடத்தில் ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்து மயங்கி நின்றவர் கடைசி ரயிலை விட்டுவிட்டார். இரவு நண்பர் வீட்டில் தங்கினார். இங்கேயே படித்தால் என்ன என்று தோன்றி, அதே கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தும்விட்டார். ரயிலைத் தவறவிட்டு வாழ்க்கையைப் பிடித்தவர் என்று சொல்லலாம்!

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர் நம்ம கும்பகோணத்துக்காரர். ஆமாம், கணித மேதை ராமானுஜன்தான். குளிர்காலத்தில் ஒருநாள் மகலனோபிஸ் அவர் அறைக்குப் போனபோது, இரவெல்லாம் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்தித்தான் படுக்கிறேன் என்றிருக்கிறார் ராமானுஜன். போய்ப் பார்த்தால் படுக்கையில் கம்பளிகள் நிறையவே இருந்தன. எல்லாம் மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தது. அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்திருக்கிறார். மகலனோபிஸ் கம்பளிகளை விலக்கி எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார். உலகமே வியந்த மூளை, ஒரு கட்டிலில் எப்படிப் படுப்பது என்று கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறது. ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் முதல் வாரம் கழித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இன்னொரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிண்டிக்கொண்டிருக்கிறார். மகலனோபிஸ் ஒரு பத்திரிகையிலிருந்து புதிர் படிக்கிறார். ஒரு தெருவில் 1-லிருந்து வரிசையாக வீட்டு எண்கள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் என்றால் அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் சில நிமிடம் முயன்று விடை கண்டார். 288 வீடுகள், 204-ம் எண். (கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 20,706 வரும்.) ராமானுஜனோ கரண்டியை விடாமலே, இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, எத்தனை வீடுள்ள தெருவுக்கும் பொருந்துகிற விடையைத் தொடர் பின்னமாகச் சொன்னார். மகலனோபிஸ் தான் கணித மேதை இல்லை என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய பலம் வேறு. எங்கே எந்தக் கணக்கு வேலைக்கு ஆகும் என்று கண்டுபிடிக்கும் மூக்கு அவருக்கு இருந்தது.

1915-ல் முதல் வகுப்பில் தேறினார். கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்கு இடமும் தயாராக இருந்தது. சேருவதற்குள் ஒருமுறை ஊருக்குப் போய் வரலாம் என்று கிளம்பினார். உலகப் போர் காரணமாகக் கப்பல் தாமதம். அந்தச் சில நாட்களில் கல்லூரி நூலகத்தில் பயோமெட்ரிகா என்ற ஆராய்ச்சி இதழின் தொகுதிகளை ஆசிரியர் மெக்காலே காட்டினார். கார்ல் பியர்சன் என்பவர் நடத்திய புள்ளியியல் இதழ். புரட்டிப் பார்த்த மகலனோபிஸ் முழுத் தொகுதியையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவர் மனதில் ஒரு புது விஞ்ஞானம் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க இந்தியாவில் ஒரு பெஞ்சு கிடையாது.

கல்கத்தா வந்தால், பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியர் ஒருவர் போர்ப்பணிக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளைக்கு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். கொஞ்ச நாள் என்று சேர்ந்தவர் முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். ஆராய்ச்சிக்குக் கேம்பிரிட்ஜ் திரும்பவேயில்லை. 1922-ல் பேராசிரியர், 1945-லிருந்து 1948 வரை முதல்வர். இதில் கவனிக்க வேண்டியது, கல்லூரியில் அவர் சம்பளம் வாங்கியதெல்லாம் பௌதிகத்துக்கு. புள்ளியியல் மாலை வேளைக்கும் விடுமுறைக்கும் ஒதுக்கப்பட்ட விஷயம்.

1920-ல் நாகபுரியில் நடந்த அறிவியல் மாநாட்டில் விலங்கியல் ஆய்வுத் துறைத் தலைவர் நெல்சன் அன்னண்டேலைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களின் உயரம், தலையளவு, மூக்களவு என்று அவர் அளந்து வைத்திருந்தார். ஆராய்ந்து பாரும் என்று கொடுத்துவிட்டார். 1922-ல் அது கட்டுரையாக வந்தது. அதைத் தோண்டிக்கொண்டே போய் 1936-ல் மகலனோபிஸ் தூரம் என்ற அளவை வெளியிட்டார். இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒருவன் உயரத்தில் சராசரியை விட விலகியிருக்கிறான், எடையிலும் விலகியிருக்கிறான். இரண்டையும் அப்படியே கூட்டினால் தப்பு. ஏனென்றால் உயரமானவனுக்கு எடையும் கூடத்தான் இருக்கும், ஒன்றோடு ஒன்று சேர்ந்தே வரும். உயரமாகவும் கனமாகவும் இருப்பவன் அதிசயம் இல்லை. ரொம்ப உயரமாக இருந்தும் ரொம்ப எடை குறைந்தவன்தான் கூட்டத்திலிருந்து தூரத்தில் நிற்பவன். அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன, எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அந்தத் தூரத்தை அளப்பதுதான் அவர் சூத்திரம். இன்றைக்கு ஆயிரம் தகவல்களுக்கு நடுவே எது ஒவ்வாதது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் இடங்களில் இந்தச் சூத்திரம் உபயோகத்தில் இருக்கிறது. போஸ்டரில் போட்ட டேட்டா சயின்ஸில் இதுவும் ஒரு பாடம்.

சிவில் நண்பர்கள் இந்தப் பத்தியை அவசியம் படிக்க வேண்டும். 1922-ல் வடக்கு வங்காளத்தில் பெரிய வெள்ளம். வெள்ள நீரைத் தேக்கிவைக்க ஏராளமான செலவில் தேக்கங்கள் கட்ட வேண்டும் என்று பொறியாளர் குழு சொன்னது. மகலனோபிஸிடம் கேட்டார்கள். அவர் 1870-லிருந்து 1922 வரை ஐம்பது வருட மழையையும் வெள்ளத்தையும் எடுத்து உட்கார்ந்தார். தேக்கங்களால் பயனில்லை, தண்ணீர் வேகமாக வடிய வழிதான் தேவை என்று காட்டினார். 1926-ல் ஒரிசாவில் பிராமணி ஆறு கரை உடைத்தது. ஆற்றின் படுகை மேடாகிவிட்டது, கரைகளை உயர்த்துங்கள் என்றார்கள் நிபுணர்கள். இவர் அறுபது வருடக் கணக்கைப் பார்த்து, படுகை உயரவில்லை, மேலே மலைப்பகுதியில் பெய்த மழைதான் காரணம், மேற்பகுதியில் அணை கட்டித் தண்ணீரைப் பிடியுங்கள் என்றார். மகாநதிக்கும் அப்போதே கணக்குப் போட்டார். பின்னால் ஹிராகுட் அணை வந்தபோது அந்தக் கணக்குகள் உதவின. கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர், ஆற்றில் மண்வெட்டி போடாமல், பழைய மழைக் குறிப்புகளை வைத்தே இதைச் சொன்னார்!

இப்படி வேலை சேரச் சேர, பௌதிகத் துறையிலேயே ஓர் அறையில் புள்ளியியல் ஆய்வகம் என்று ஒன்று உண்டாயிற்று. கூட ஓரிருவர். 1931 டிசம்பர் 17-ல் கூட்டம் போட்டு இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கினார்கள். 1932 ஏப்ரலில் பதிவு செய்தார்கள். முதல் வருடச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. மறு வருடம் சாங்க்யா என்று ஓர் ஆராய்ச்சி இதழ். அந்தச் சொல்லுக்கு எண் என்றும் தெளிந்த அறிவு என்றும் இரண்டு பொருள். நம் தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, யோசிப்பது இரண்டும்தானே. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதழ் வந்துவிட்டது, பலகை மாட்டியாயிற்று. ஆட்கள்? அப்பாவின் கேள்வி இங்கேதான் வருகிறது. புள்ளியியல் படித்தால் என்ன வேலை? பட்டம் இல்லை, பாடத்திட்டம் இல்லை, பதவி இல்லை. மகலனோபிஸ் வேறு பாடம் படித்தவர்களைப் பிடித்துவந்தார். ராஜ் சந்திர போஸ் என்பவர் வடிவியல்காரர். சிறு வயதிலேயே அம்மா, அப்பா இரண்டு பேரும் இறந்துபோய், டியூஷன் எடுத்துத் தம்பி தங்கைகளைக் காப்பாற்றிப் படித்தவர். ஒரு கல்லூரியில் சொற்பச் சம்பளத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுப் பகுதிநேர வேலை கொடுத்தார். புள்ளியியல் ஒன்றும் தெரியாதே என்றால், படிக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியலையும் பயோமெட்ரிகா தொகுதிகளையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். கப்பலில் தான் படித்த அதே முறை! அந்த போஸ்தான் பின்னாளில் அமெரிக்காவில் இருந்தபோது, ஆய்லர் என்ற மாமேதை 1782-ல் முடியாது என்று சொன்ன சதுரக் கணக்கு ஒன்றை, ஸ்ரீகண்டே, பார்க்கர் என்ற இருவரோடு சேர்ந்து 1959-ல் முடியும் என்று நிரூபித்தார்.

அடுத்து சி.ஆர்.ராவ். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணக்கில் முதல் வகுப்பு எம்.ஏ. ராணுவத்தில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு கல்கத்தாவுக்கு நேர்முகத்துக்குப் போனார். கிடைக்கவில்லை. தங்கியிருந்த ஹோட்டலில் தென்னாட்டுக்காரர் ஒருவர், நான் பயிற்சி எடுக்கும் இடத்தைப் பார்க்கிறாயா என்று புள்ளியியல் நிறுவனத்துக்குக் கூட்டிப்போனார். 1941 ஜனவரியில் ராவ் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். அதே 1941-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலைத் துறை தொடங்கியது. இந்தியாவில் முதல் துறை. அதற்குக் கௌரவத் தலைவர் மகலனோபிஸ். முதல் அணி மாணவர்களில் ராவ் ஒருவர். 1943-ல் தேறி, அங்கேயே பாடமும் எடுத்தார். வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட சந்தேகத்துக்கு விடை தேடப்போய், 1945-ல் வெளியிட்டதுதான் கிரேமர்-ராவ் என்று உலகம் முழுக்கப் புத்தகத்தில் இருக்கும் தேற்றம். அப்போது அவருக்கு 25 வயது. 2023-ல் தன் 102-ம் வயதில் ராவ் காலமானார். வேலை கிடைக்காத அந்த நேர்முகத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இனி மகலனோபிஸின் பெரிய வேலைக்கு வருகிறேன். வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகியிருக்கிறது என்று வருடாவருடம் தெரிந்தாக வேண்டும். வயல் வயலாக எண்ணினால் ஏகப்பட்ட ஆட்கள், ஏகப்பட்ட பணம். 1937-லிருந்து அவர் மாதிரிக் கணக்கெடுப்பில் இறங்கினார். எல்லா வயலையும் பார்க்க வேண்டாம், சில இடங்களைப் பார்த்து மொத்தத்தைச் சொல்கிறேன் என்றார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொன்னதுதானே, இதில் என்ன புதுசு என்று கேட்பீர்கள். புதுசு இருக்கிறது. பானைச் சோறு ஒரே தீயில் வேகிறது, கிளறியும் விடுகிறோம். அதனால் ஒரு சோறு போதும். நாடு கிளறாத பானை. ஒரு பக்கம் குழைந்திருக்கும், ஒரு பக்கம் அரிசியாகவே கிடக்கும். எந்தச் சோற்றை எடுப்பது?

எங்க அம்மா பீடித்தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது நான் கூடப் போயிருக்கிறேன். கணக்கப்பிள்ளை நாலு கட்டை உருவிப் பார்ப்பார். அதில் பழுது இருந்தால் மொத்தத்துக்கும் கழிவு போடுவார். பெண்கள் நல்ல கட்டுகளை மேலே அடுக்குவாங்க. அது அவருக்கும் தெரியும், அடியிலிருந்து உருவுவார். அடியில் இருப்பதைப் பார்த்து எல்லாமே அப்படித்தான் என்று முடிவு கட்டுவதும் நியாயம் இல்லை. கொடுப்பவரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, எடுப்பவரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கின மாதிரி வர வேண்டும். மகலனோபிஸ் செய்தது இதைத்தான். நில வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டம் என்பதைத் தாறுமாறான எண் அட்டவணை தீர்மானிக்கும். அங்கே சேறோ முள்ளோ, போய்த்தான் ஆக வேண்டும். செலவு முழுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. விளைச்சலையும் இப்படி அறுத்து அளந்தார்கள். அளக்கும் துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகவே வருகிறது என்பதைக் கண்டுபிடித்தார். காரணம், ஓரத்தில் நிற்கும் கதிரை ஆள் தன்னையறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்கிறான். வெர்னியர் காலிப்பரில் ரீடிங் எடுக்கும் நமக்கு இது தெரியாத விஷயமா?

கணக்கெடுக்கப் போகிறவனும் மனுஷன்தான் என்பதை அவர் மறக்கவில்லை. வெயிலில் நடக்காமல் மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிவிடலாம். எங்க தெருவுக்கு ஒருமுறை ஒருவர் நோட்டோடு வந்தார். தெருமுனை டீக்கடையிலேயே உட்கார்ந்து, கடைக்காரர் சொல்லச் சொல்ல எங்க வரிசை வீடுகளை எழுதிக்கொண்டு போனார். எங்க வீட்டில் எத்தனை பேர், அம்மா ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுகிறார், யாருக்கு என்ன நோய், ஒன்றும் அவர் கேட்கவில்லை. அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். ஏழைகளைப் பற்றிய கணக்கு பல நேரம் இப்படித்தான் எழுதப்படுகிறது என்று எனக்கு அன்றே ஒரு கோபம். அதனால்தான் மகலனோபிஸின் அடுத்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகள், இரண்டு தனித்தனி குழுக்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒத்துவந்தால் நம்பலாம். விலகினால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். டீக்கடையில் உட்கார்ந்து எழுதினவர் மாட்டிக்கொள்வார்!

1943-ல் வங்காளப் பஞ்சம். செத்தவர்கள் சுமார் 30 லட்சம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் கணக்கிட்டார்கள். பஞ்சம் அடங்கிய பின் 1944-45-ல் மகலனோபிஸின் ஆட்கள் கிராமங்களுக்குப் போனார்கள். யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை விற்றார்கள், யார் பிச்சைக்காரரானார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார்கள். விவசாயக் கூலிகளும் மீனவர்களும் கைத்தொழில் செய்பவர்களும்தான் அதிகம் நசுங்கினார்கள் என்று தெரிந்தது. செத்தவர்களுக்கு அந்த அறிக்கையால் உபயோகம் இல்லைதான். ஆனாலும் அந்த வீடுகளின் வாசல்படிக்குப் போய்க் கேட்டார்கள் இல்லையா?

சுதந்திரத்துக்குப் பிறகு நேரு அவரை 1949-ல் மத்திய அமைச்சரவைக்குக் கௌரவப் புள்ளியியல் ஆலோசகர் ஆக்கினார். தேசிய வருமானக் குழுவுக்கும் அவரே தலைவர். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. முதல் சுற்றில் நாடு முழுவதும் 1,833 கிராமங்கள். கிராமத்து மனிதன் என்ன சாப்பிடுகிறான், எதற்குச் செலவு செய்கிறான் என்று அரசு ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956-61) அடிப்படைக் கணக்கு அவருடையது. கனரகத் தொழிலுக்கு முதலிடம். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் இரும்பாலைகள் அந்தக் காலத்தில் எழுந்தவை. மெக்கானிக்கல்காரன் என்ற முறையில் எனக்கு இது சந்தோஷம்தான். ஆனால் விவசாயத்தையும் சாதாரண ஜனங்கள் வாங்கும் பொருட்களையும் பின்னுக்குத் தள்ளிவிட்டார், உணவுப் பற்றாக்குறை வந்தது என்று பொருளாதார வல்லுநர்கள் குறை சொன்னார்கள். பி.ஆர்.ஷெனாய் 1955-லேயே எதிர்ப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் குறையில் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். வயலை அளந்து பேர் வாங்கினவர் திட்டம் போடும்போது வயலைக் கொஞ்சம் மறந்துவிட்டார்.

பிடிவாதக்காரர். நிறுவனத்தில் எல்லாம் அவர் சொல்படிதான். 1957-ல் இங்கிலாந்தை விட்டு வந்து சேர்ந்த உயிரியல் மேதை ஹால்டேன் 1961-ல் மனஸ்தாபப்பட்டு விலகினார். போஸும், எஸ்.என்.ராய் என்ற இன்னொரு கெட்டிக்காரரும் அதற்கு முன்பே அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் ஆட்களை வரவழைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஃபிஷர், வீனர், கோல்மகரோவ் எல்லாரும் அவர் கூப்பிட்டு வந்தவர்கள். 1955-56-ல் இங்கிலாந்திலிருந்து கம்ப்யூட்டர் ஒன்றை வரவழைத்து நிறுவினார். இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அது. அதற்கு முன் அங்கே கணக்குப் போட்டதெல்லாம் கையால் சுற்றும் மெஷினோடு உட்கார்ந்திருந்த மனிதர்கள். சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதனைத் தலைவராக வைத்து, 1962-ல் பெங்களூரில் நூலக ஆவணப் பயிற்சி மையமும் நிறுவனம் தொடங்கியது. நம் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும் கலையைப் பற்றிப் பேசினால் ரங்கநாதன் பெயர் வராமல் இருக்காது.

வீட்டைப் பற்றி இரண்டு வரி. மனைவி நிர்மல்குமாரி, ராணி என்று கூப்பிடுவார்கள். பெண்ணின் அப்பாவுக்குச் சம்மதமில்லாமல் 1923-ல் நடந்த கல்யாணம். தாய்மாமன் நீலரதன் சர்க்கார்தான் பெண் வீட்டார் இடத்தில் நின்று நடத்தி வைத்தார். குழந்தைகள் இல்லை. தாகூர் இருவருக்கும் மிக நெருக்கம். விஸ்வபாரதிக்கு மகலனோபிஸ் பத்து வருடம் இணைச் செயலாளர். பாராநகரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஆம்ரபாலி என்று பெயர் வைத்ததும் தாகூர்தான்.

1959-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அந்த நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்தது. பட்டம் கொடுக்கும் உரிமை வந்தது. 250 ரூபாய்ச் செலவில் ஓர் அறையில் ஆரம்பித்தது, 28 வருடத்தில் புள்ளியியலுக்கென்றே பி.ஸ்டாட், எம்.ஸ்டாட் வகுப்புகள், விரிவுரையாளர், பேராசிரியர் என்று வரிசையாகப் பதவிகள். அப்பா கேட்கிற கேள்விக்கு அப்போதுதான் ஒழுங்கான பதில் பிறந்தது. 1968-ல் பத்ம விபூஷண். 1972 ஜூன் 28-ல் காலமானார். மறுநாள் அவருக்கு 79-வது பிறந்தநாள். அந்த ஜூன் 29-ஐ 2007 முதல் நாட்டில் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1947-48-ல் அமெரிக்காவிலிருந்து ஷூவார்ட் என்பவரை மகலனோபிஸ் வரவழைத்தார். தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கண்டுபிடித்தவர். அவர் இந்தியாவில் சில மாதம் ஊர் ஊராகச் சுற்றிச் சொல்லிக்கொடுத்தார். பிறகு நிறுவனமே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் திறந்தது. நம் பக்கம் சென்னையிலும் கோவையிலும்கூட வந்தன. போன வருடம் தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போனபோது ஒரு லேத் பக்கத்தில் அந்த வரைபடம் தொங்கியது. ஆப்பரேட்டர் அண்ணன் மணிக்கு ஒருமுறை ஐந்து பீஸை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, சராசரி போட்டுப் புள்ளி வைப்பார். மேல்கோட்டைத் தாண்டினால் மெஷினை நிறுத்துவார். இதெல்லாம் நம்ம நாட்டுக்கு யார் கொண்டுவந்தது தெரியுமா அண்ணே என்று கேட்டு மகலனோபிஸ் பெயரைச் சொன்னேன். பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. பிறகு மணியைப் பார்த்துவிட்டு, அடுத்த ஐந்து பீஸை என்னையே எடுத்து அளக்கச் சொன்னார்.